கணக்குப் பேரேடும் கனவுக்காரனும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் கணக்குப் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

‘வீடியோ கேம் உலகை வாழவைப்பது கலைஞனின் கனவா? வணிகனின் கணக்கா?’ கனவே என்று பேச வந்திருக்கிறேன். “தமிழ் வாத்தியாருக்கும் வீடியோ கேமுக்கும் என்னங்க சம்பந்தம்? உங்களுக்கு டி.வி. ரிமோட்டே சரியா அமுக்கத் தெரியாதே”ன்னு என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க. (சிரிப்பு) உண்மைதான் நடுவர் அவர்களே! எனக்கு அமுக்கத் தெரியாது. ஆனா ஒரு படைப்பாளியை அமுக்கினா எப்படி வலிக்கும்னு தெரியும். (கைதட்டல்)

எனக்கு முன்னால பேசிய தங்கை டெட்ரிஸ் விளையாட்டைச் சொல்லிட்டுப் போனாங்க. மேலேயிருந்து கட்டைகள் விழும், நாம அடுக்கணும். “1989-ல் கேம் பாய் கருவியோடு சேர்த்து வித்ததாலதானே உலகமெல்லாம் போச்சு? வியாபாரி இல்லேன்னா டெட்ரிஸ் ஏது?”ன்னு கேட்டாங்க. அருமையான கேள்வி. ஆனா தங்கச்சி, நீங்க பாதிக் கதையிலேயே உட்கார்ந்துட்டீங்க. (சிரிப்பு)

அதை உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். 1984-ல் எழுதினார். யார் விற்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. என்ன விலை? விலையே இல்லை. நண்பர்கள் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து விளையாடினார்கள். வியாபாரி வந்தது பிறகு. அவர் வந்து உலகம் பூராவும் பரப்பினார், மறுக்கவில்லை. ஆனால் பெற்றவருக்கு என்ன கிடைத்தது? 1996-ல் உரிமை அவர் பக்கம் வருகிற வரைக்கும் ராயல்டி என்று ஒரு காசு கிடையாது. பிள்ளையைப் பெற்றது கனவு. பிள்ளையை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சம்பாதித்தது கணக்கு. (கைதட்டல்) கூட்டிப்போனவரையே தகப்பன் என்று எழுதச் சொல்கிறார்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன்!

அடுத்தது அமெரிக்காவுக்கு வாங்க. கலிபோர்னியாவிலே அடாரி என்று ஒரு கம்பெனி. அந்தக் காலத்தில் கேம் எல்லாம் கேசட் மாதிரி ஒரு கட்டையில் வரும், கார்ட்ரிட்ஜ் என்பார்கள். பெட்டி மேலே கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும். எழுதியவர் பெயர்? தேடினாலும் கிடைக்காது. நம்ம ஊரில் கல்யாணப் பத்திரிகையிலே ஒன்றுவிட்ட சித்தப்பா பெயரை விட்டாலே சண்டை வரும். (சிரிப்பு) இங்கே மாப்பிள்ளை பெயரையே விட்டுட்டாங்க! (பலத்த சிரிப்பு)

வாரன் ராபினெட் என்று ஒரு புரோகிராமர் என்ன செய்தார் தெரியுமா? ‘அட்வென்ச்சர்’ என்ற கேமுக்குள்ளே யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு போனால்தான் அது திறக்கும். உள்ளே, ‘இதை உருவாக்கியவன் நான்’ என்று தன் பெயரை எழுதி வைத்தார். அவர் கம்பெனியை விட்டுப் போன பிறகு, உட்டா மாநிலத்துச் சின்னப் பையன் ஒருத்தன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்டான். அப்போதுதான் முதலாளிகளுக்கே தெரியும்! பெயருக்காக ஏங்கின நாலு புரோகிராமர்கள் அதே அடாரியை விட்டு 1979-ல் வெளியேறித் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். எழுதியவன் பெயரைப் பெட்டியில் போட்ட கம்பெனி அது. கூலியைக் குறைத்தால் பொறுத்துக்கொள்வான் நடுவர் அவர்களே. பெயரைத் திருடினால் எவனும் பொறுக்கமாட்டான்! (கைதட்டல்)

பெயரைத்தான் எடுத்தார்கள். நேரத்தையாவது கொடுத்தார்களா? 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் சக்கைப்போடு போட்டது. அதைக் கேமாக்க உரிமை வாங்கியது அடாரி. இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்பார்கள். பேரம் முடியும்போது ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு வந்தாகணும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவைக் கூப்பிட்டார்கள். நல்ல கேம்கள் செய்து பெயர் எடுத்தவர். ஒரு கேம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அவருக்குக் கொடுத்தது எத்தனை நாள்? ஐந்தே வாரம்! அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம். விளையாடின குழந்தைகள் குழிக்குள் விழுந்தார்கள், ஏறினார்கள், மறுபடியும் விழுந்தார்கள். சுமார் 40 லட்சம் கட்டைகள் செய்ததிலே ஏராளமானவை விற்காமல் தேங்கிப்போயின. 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலம் அலமகோர்டோவில், குப்பைக் கிடங்கில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். விளையாட்டிலும் குழி, வியாபாரத்திலும் குழி! (சிரிப்பு, கைதட்டல்)

2014-ல் தோண்டி எடுத்தார்கள். ஒரு கட்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. “பார்த்தீங்களா, கலைன்னு ஒத்துக்கிட்டாங்க”ன்னு எதிரணி சொல்லக்கூடாது. அவசரக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள்!

எனக்கு இது எப்படி உறைக்கிறது என்றால், நானும் ஒரு வார்ஷாதான் நடுவர் அவர்களே. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பதிப்பாளர் வந்தார். “ஐயா, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கைடு. பரீட்சைக்கு முன்னால கடைக்கு வந்தாகணும். இருபதே நாள்” என்றார். புரூஃப் பார்க்கணுமே என்றேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்றார். பணத்தை வாங்கினேன். வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வந்தது. புத்தகமும் வந்தது.

பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தப் போனேன். ஒரு தாளில், ‘மணிமேகலையை இயற்றியவர் இளங்கோவடிகள்’. பூஜ்யம் போட்டேன். அடுத்த தாள், அதிலும் இளங்கோவடிகள். பூஜ்யம். மூன்றாவது தாளும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சீத்தலைச் சாத்தனார் பெயரைக்கூடத் தெரியாம எந்த மடையன்யா பாடம் நடத்தினான்?”ன்னு சத்தம் போட்டேன். பக்கத்தில் இருந்த பேராசிரியர் பேசாமல் பையிலிருந்து ஒரு கைடை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். அட்டையில் முனைவர் பட்டத்தோடு என் பெயர்! (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தப்பாக எழுதினதும் இந்தக் கைதான். அதற்குப் பூஜ்யம் போட்டதும் இந்தக் கைதான். நம்பிப் படித்த அந்தப் பிள்ளைகள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. இன்றைக்கும் வீட்டில் கிரைண்டர் சத்தம் கேட்டால் எனக்கு அந்த மூன்று தாள்தான் ஞாபகம் வரும். (அமைதி, பிறகு கைதட்டல்)

அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு சீசன் நஷ்டம். படைப்பவனுக்கோ ஆயுள் முழுக்க உறுத்தல். நம்பி வாங்குகிற குழந்தைக்கு ஏமாற்றம்.

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடறேன். “கனவு மட்டும் சோறு போடுமா?”ன்னு கேப்பாங்க. போடும்! அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற இளைஞர், விவசாயம் பண்ற ஒரு கேமைத் தன்னந்தனியாக நாலரை வருஷம் செதுக்கினார். படம், இசை, கதை எல்லாம் அவரே. செலவுக்கு ஒரு தியேட்டரில் ஆட்களுக்கு இருக்கை காட்டுகிற வேலை. ‘ஸ்டார்டியூ வேலி’ 2016-ல் வெளிவந்தது. 2022-க்குள் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஐந்து வாரத்தில் செய்தது குழிக்குப் போனது. நாலரை வருஷத்தில் செய்தது கோடிக்குப் போனது! (பலத்த கைதட்டல்)

வணிகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பை வாங்கிக் கொடுங்கள், அரிசி வாங்கிக் கொடுங்கள், பந்தி பரிமாறிக் காசும் வாங்கிக்கொள்ளுங்கள். சோறு வெந்துவிட்டதா என்று சொல்கிற உரிமையை மட்டும் சமைக்கிறவரிடம் விட்டுவிடுங்கள். அதுதான் எங்கள் அணியின் வாதம். ஆகவே, வீடியோ கேம் உலகை வாழவைப்பது கலைஞனின் கனவே, கனவே என்று தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.