வியர்வைக்கும் சேர்த்து ஒரு மழைக்கோட்டு

மதுரையில் உட்கார்ந்துகொண்டு மழைக்கோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நாம் குடை விரிப்பது வெயிலுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் டூவீலர்காரர்கள் விளக்குத்தூண் பக்கம் போய்ப் பேரம் பேசி ஒரு ரெயின்கோட்டு வாங்குவார்கள். மழை விட்டதும் அது வண்டி டிக்கிக்குள் போய்விடும், அடுத்த ஐப்பசியில்தான் வெளியே வரும்.

நான் பேச வந்தது மலைக்குப் போகிறவர்களுக்கு. சிறுமலை, குரங்கணி, மேகமலை, கொடைக்கானல் என்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் இளைஞர்கள் நம் ஊரில் பெருகிவிட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகள், முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறக்கப்பட்டன. அனுமதிச்சீட்டு வாங்கியாயிற்று, ஷூ வாங்கியாயிற்று. மழைக்கோட்டு? வண்டி டிக்கியில் கிடப்பதையே எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரின் இருப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் மதுரையில் காற்றும் புழுதியும்தான். அதே நாளில் தேனி, போடி தாண்டி மலை ஏறினால் தென்மேற்குப் பருவமழையின் சாரல் முகத்தில் அடிக்கும். ஐப்பசியில் கணக்கு மாறி, வடகிழக்குப் பருவமழை பழனி மலையிலும் சிறுமலையிலும் கொட்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். காலையில் ஆரப்பாளையத்தில் வேர்த்து விறுவிறுத்து பஸ் ஏறியவர், சாயங்காலம் பன்னிரண்டு டிகிரி குறைந்த குளிரில், ஈரக்காற்றில் நிற்கிறார். ஒரே கோட்டு இந்த இரண்டு இடத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

வண்டிக்கோட்டு மழையைத் தடுக்காது என்று நான் சொல்லமாட்டேன். பி.வி.சி. பூசிய துணி, சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது என்பதுதான் தொல்லை. வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கு உடல் உழைப்பு இல்லை, அதனால் தெரிவதில்லை. பத்துக் கிலோ பையோடு செங்குத்தான ஏற்றத்தில் நடப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். மழையில் நனையாமல் வியர்வையில் குளித்துவிட்டு உச்சிக்குப் போய்ச் சேர்வார். அங்கே காற்று அடித்ததும் ஈரச்சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். பல் கிட்டும், விரல் மரத்துப்போகும், பேச்சுக் குழறும். பனிமலைக்குப் போனால்தான் குளிரில் உடல் விறைக்கும் என்று நினைக்கக்கூடாது. பத்துப் பதினைந்து டிகிரியும் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே போதும்.

மழைக்குள் நின்று வேலை செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? நம் வயல்காட்டில் கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் திணித்து, தலையிலிருந்து முதுகுவரை கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நட்டார்கள். முன்பக்கம் முழுக்கத் திறப்பு, புழுக்கமே கிடையாது. ஆடு மேய்த்தவர்களுக்குக் கம்பளி. அது நனையும், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். தேயிலைத் தோட்டத்திலும் கம்பளிதான் நெடுங்காலம் ஓடியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தரவேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. மழைக்கோட்டு சட்டப் புத்தகத்தில் ஏறிய கதை இது. இன்றும் மூணாறுப் பக்கம் போனால், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். நனைந்த செடி உரசுவது இடுப்புக்குக் கீழேதானே. கடையில் கோட்டு வாங்குகிற நாம் பெரும்பாலும் மறந்துபோகிற இடமும் அதுதான்.

கடைச்சரக்கின் கதை வேறு. 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசிக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்த துணி அது. நம் நாட்டில் சுரேந்திர மோகன் போஸ் 1920இல் வங்காளத்தில் தொடங்கிய தொழிலிலிருந்து 'டக்பேக்' கோட்டு வந்தது. பழைய ஆட்களுக்கு அந்த ரப்பர் வாசனை நினைவிருக்கும். பெரிய திருப்பம் 1969இல். அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோக வேண்டியது, பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள். 1976இல் 'கோர்டெக்ஸ்' துணியாகச் சந்தைக்கு வந்தது. இன்று அதைப்போலப் பல நிறுவனங்களின் படலங்கள் உண்டு. எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: மழை நுழையாது, வியர்வை வெளியேறும்.

வெளியேறுமா? இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். நீராவி தானாகக் கிளம்பி நடக்காது. உள்ளே ஈரப்பதமும் சூடும் அதிகம், வெளியே குறைவு என்று இருந்தால்தான் அந்த வித்தியாசம் அதைத் தள்ளும். ஐரோப்பாவின் குளிரில் வித்தியாசம் பெரிது, அதனால் படலம் நன்றாக வேலை செய்யும். நம் மலையடிவாரத்தில் இருபத்தைந்து டிகிரி சூட்டில் மழை பெய்யும்போது வெளிக்காற்றும் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கூடத்துக்கு உள்ளேயும் கூட்டம், வாசலிலும் அதே கூட்டம் என்றால், கதவு திறந்திருந்து என்ன பயன்? சீட்டில் பத்தாயிரம் என்று போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் பத்தாயிரம் கிராம் நீராவியை விடும் என்று பொருள். வகுத்துப் பாருங்கள், மணிக்கு நானூறு கிராம் சொச்சம், அதுவும் ஆய்வுக்கூடத்தில். முதுகுப் பகுதியைப் பை அடைத்துக்கொள்ளும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வியர்வைக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே மதுரையிலிருந்து போகிறவருக்கு நான் சொல்வது: படலத்தின் பெயருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன், அந்தக் கோட்டில் காற்று போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். அக்குளின் கீழ் நீளமான ஜிப் இருக்க வேண்டும். முன் ஜிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. மணிக்கட்டில் தளர்த்தி இறுக்கும் பட்டை வேண்டும். பையின் மேலேயே போர்த்திக்கொள்ளும் பொன்ச்சோ ஒன்று பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். பக்கவாட்டில் காற்று தாராளமாக வரும். பையும் நனையாது. ஆனால் காற்று பலமாக அடிக்கும் முகட்டில் அது படபடவென்று பறக்கும், முள்செடியில் மாட்டிக் கிழியும், பாறையில் காலெடுத்து வைக்கும்போது பாதத்தை மறைக்கும். காற்றில்லாத அகலமான பாதையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், சாதாரணக் குடைக்கு ஈடாக எதுவும் இல்லை. மலையேறுகிறவர் குடை பிடிப்பதா என்று கூச்சப்படத் தேவையில்லை.

மழையைத் தாங்கும் அளவுக்கும் ஒரு எண் உண்டு. துணியின் மேல் குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம்வரை கசியாமல் நிற்கிறது என்பதுதான் அது. ஆயிரத்து ஐந்நூறு இருந்தாலே தூறலுக்குப் போதும். பைவார் தோளை அழுத்துகிற இடத்தில் அந்த அளவு போதாது. ஐயாயிரத்துக்குக் குறையாமல், முடிந்தால் பத்தாயிரம் பாருங்கள். இருபதாயிரம் நமக்கு அதிகப்படி. எண்ணைவிட முக்கியம் தையல். கோட்டை உட்புறம் திருப்புங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசித்துளை வழியாகவே தண்ணீர் இறங்கும்.

கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டுவார். அது வெளிப்பூச்சின் வித்தை. பூச்சு தேய்ந்ததும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நீராவி போகும் வழியும் அடைபடும். கோட்டு ஒழுகுகிறது என்று நாம் திட்டுவது பல சமயம் நம் வியர்வையைத்தான். மென்மையான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தி, மேலே ஒரு துணி போட்டு இளஞ்சூட்டில் தேய்த்தால் பூச்சு கொஞ்சம் உயிர்பெறும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் ஈரத்தோடு மடித்து டிக்கியிலோ பீரோவிலோ வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும். ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

எடை என்று பார்த்தால், கால்சட்டையோடு சேர்ந்த வண்டிக்கோட்டு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். மலைக்கு முந்நூறு கிராமுக்குள் நல்ல கோட்டு கிடைக்கிறது. இருநூறுக்கும் கீழே போனால் துணி மெலிந்து, லண்டானா முள்ளுக்கே கிழியும். சதுரகிரிக்கோ வெள்ளியங்கிரிக்கோ வருஷம் ஒருமுறை போகிறவருக்கு இத்தனை ஆராய்ச்சியும் தேவையில்லை, பொன்ச்சோ போதும். சதுரகிரியில் மேலே மழை என்றால் ஓடையில் வெள்ளம் வந்துவிடும், வனத்துறையினர் அடிவாரத்துத் தாணிப்பாறையிலேயே தடுத்துவிடுவார்கள். எவ்வளவு நல்ல கோட்டும் அந்த ஓடையைக் கடக்க உதவாது. 1924 வெள்ளத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குட்டி ரயில்பாதையே அடித்துக்கொண்டு போனது. மேற்குமலை மழை அப்படிப்பட்டது.

கடையில் வாங்கும்போது பையையும் மாட்டிப் பாருங்கள். கையைத் தூக்கினால் இடுப்பு தெரியக்கூடாது. தலைமுக்காடு தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். நடந்தும் பாருங்கள். சலசலவென்று பெரிதாகச் சத்தம் போடும் துணியை நான் தவிர்ப்பேன். காட்டுமாடும் யானையும் நடமாடும் பாதையில் கிளை முறியும் சத்தம் காதில் விழுந்தாக வேண்டும். அதனாலேயே அடர்ந்த சோலைக்குள் லேசான மழை என்றால் முக்காட்டை இறக்கிவிட்டு, விளிம்பு வைத்த தொப்பியோடு நடப்பது நல்லது.

கோட்டை எப்போது மாட்டுவது என்பதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. அடிவாரத்தில் தூறல் தொடங்கியதும் அவசரப்பட வேண்டாம். சூடான ஏற்றத்தில் சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பனியனோடு நனைந்தபடியே ஏறலாம். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், காயவே காயாது. முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால், காற்றுப் படாத ஒரு பாறை மறைவில் நின்று, ஈரத்தைக் கழற்றி, காய்ந்த பனியனைப் போட்டு, அதன்மேல் கோட்டை மாட்டுங்கள். கோட்டு பையின் உச்சியில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். காய்ந்த பனியன் பையின் அடியில், உரமூட்டைக்குள் வருமே கெட்டியான பாலிதீன் உறை, அதைப்போன்ற புது உறை ஒன்றுக்குள், வாயை முறுக்கிக் கட்டி இருக்கட்டும்.