பாதம் பேணும் பணியும் கடல் கடந்த பதிவும்



மனித உறுப்புகளுள் ஓயாது உழைப்பதும், நம் கவனத்தைக் கடைசியாகப் பெறுவதும் பாதமே. கண் மங்கினால் கண்ணாடி தேடுகிறோம். பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். கால் ஆணியையும் பித்த வெடிப்பையும் நகச்சுற்றையும் மட்டும் தாமே ஆறட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பாதத்தைப் பேணுவதையே தனித் தொழிலாகக் கற்று, சட்டப்படி பெயரைப் பதிந்துகொண்டு பணி செய்வோர் சில நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் அவர்களைப் 'பொடயாட்ரிஸ்டு' என்பர். 'கிரோபொடிஸ்டு' என்பது பழைய பெயர். மைசூரில் வாழும் நம் தமிழ் இளைஞர் இத்தொழிலை நாடிக் கடல் கடக்க எண்ணினால், முன்னதாக அறிய வேண்டியவை எவை என்பதே இன்றைய பேச்சு.

முதலில் தொழிலின் இயல்பைப் பார்ப்போம். சர்க்கரை நோய் நெடுநாள் கட்டுக்கு அடங்காதிருந்தால், பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். இரத்த ஓட்டமும் குன்றக்கூடும். சாமுண்டி மலையின் ஏறத்தாழ ஆயிரம் படிகளையும் வெறுங்காலோடு ஏறும் பக்தர்களுள் இத்தகையவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வெயிலில் காய்ந்த கல் சுட்டாலும் அவர் உணரார். முள் தைத்தாலும் அறியார். வீடு திரும்பியபின் காலுறையில் ஈரம் கண்டபோதுதான் புண் தெரியவரும். அப்புண் புரையோடினால் விரலையோ காலையோ இழக்க நேரிடும். இதை முன்கூட்டியே தடுப்பது பாதம் பேணுவோரின் தலையாய கடமை. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா இல்லையா என்று சோதிப்பார்கள். நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். தடித்த தோலைச் சீவுவார்கள். அழுத்தம் ஓரிடத்தில் குவியாதபடி காலணி அமைப்பார்கள்.

இக்கலையின் வளர்ச்சியில் நம் தென்னாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் மீண்டும் மீண்டும் அடிபட்டே சிதைகின்றன என்பதை அவரும் அவருடைய தோழர்களும் விளக்கிக் காட்டினார்கள். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மெத்தென்ற நுண்துளை ரப்பரால் செருப்புகள் செய்து, உணர்ச்சியற்ற பாதங்களைக் காத்தார்கள். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டது. ஆகவே இத்தொழிலைக் கற்கக் கடல் கடப்பவர், முற்றிலும் அந்நியமான ஒன்றைத் தேடிச் செல்லவில்லை.

ஆயினும் அறிவு வேறு, பதிவு வேறு. இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு அரசுப் பதிவை ஏற்படுத்தியது. எனினும் பதிவு பெறாதவரும் அப்பெயரிலேயே தனியாகத் தொழில் நடத்த அப்போது இடமிருந்தது. 2001ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து அந்த வழி அடைக்கப்பட்டது. உடல்நலம், பராமரிப்புத் தொழில்களுக்கான கவுன்சிலின் பதிவேட்டில் இடம்பெறாத ஒருவர் மேற்சொன்ன இரு பெயர்களுள் ஒன்றைச் சூடிக்கொள்வது இன்று குற்றமாகும். பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கேதான் நம்மவர் இடறி விழக்கூடும். சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ மைசூருக்கு வந்த ஒருவர், தம் பட்டத்தை அப்படியே கொண்டுவந்து வேலை தேடலாம். கடலுக்கு அப்பால் அந்தப் பட்டத்தின் உள்ளடக்கத்தையே ஆராய்வார்கள். நம் நாட்டில் பாதம் பேணுதல் தனிப் பட்டப்படிப்பாக இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. அறுவை மருத்துவரும் செவிலியரும் பிசியோதெரபி வல்லுநரும் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றனர். பிசியோதெரபி பட்டம் பெற்றவர் சில வாரப் பாதப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றிருந்தாலும், இங்கிலாந்தில் பிசியோதெரபி வல்லுநராகவே விண்ணப்பிக்க முடியும். அந்தச் சான்றிதழ் அவரைப் பொடயாட்ரிஸ்டு ஆக்காது. மைசூர் மானச கங்கோத்திரியிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் பேச்சுச் சிகிச்சை கற்றவரின் நிலை வேறு. அதே கவுன்சில் அத்தொழிலையும் பதிவு செய்கிறது. அவர் தம் முழுப் பட்டத்தையே பரிசீலனைக்கு வைக்கலாம்.

ஆகையால், பாதத் தொழிலையே விரும்புவோர் அந்நாட்டுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பட்டத்தைப் படிப்பதே நேரான வழி. இங்கிலாந்தில் அது பொதுவாக மூன்றாண்டுப் படிப்பு. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவிலோ மாநிலந்தோறும் உரிமம். அதற்கு நான்காண்டுத் தனிப்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். ஒரு நாட்டின் பதிவு மற்றொரு நாட்டில் தானாகச் செல்லாது. பதிவும் குடியேற்ற அனுமதியும்கூட வெவ்வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது.

வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பத் துணியும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிப்பை விற்கும் முகவர் 'பாத நலப் பணியாளர்' என்ற ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சொல்லிக் குறுகிய பயிற்சியைக் காட்டக்கூடும். இங்கிலாந்தில் அப்பெயருக்குச் சட்டக் காப்பு இல்லை. அப்பயிற்சி பதிவேட்டின் வாசலைத் திறப்பதும் இல்லை. எனவே பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் கவுன்சிலின் ஏற்புப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை இது. ஆனால் பல ஆண்டுச் சேமிப்பைக் காக்கும்.

இறுதியாக ஒன்று. இந்தியாவில் சர்க்கரை நோயாளர் பத்துக் கோடிப் பேருக்கு மேல் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. துணை மருத்துவத் தொழில்களை நெறிப்படுத்த 2021இல் சட்டமும் வந்துள்ளது. அயல்நாட்டில் இக்கலையைத் தேர்ந்த ஒருவர் என்றேனும் தாயகம் திரும்பினால், அவர் கைக்கு வேலை காத்திருக்கும். அதுவரையில் வீட்டிலுள்ள சர்க்கரை நோயாளர் நாள்தோறும் இரவில் தம் பாதங்களை விளக்கொளியில் ஒருமுறை பார்க்கட்டும். பார்வை மங்கியவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பட்டமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.