சயனைடு மேட்டில் புல் முளைக்க

கோலார் தங்கவயலில் பாலகாட் பக்கம் சென்றோர் அங்குள்ள சாம்பல்நிற மேடுகளை மறவார். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவர் வெட்டிய பாறையைத் தூளாக்கி, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மணல் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடுகள் நின்றுவிட்டன. காற்றெழுந்தால் அத்தூள் சோற்றுப்பானை வரை வருகிறது. செடி வேர்விட்டுப் பிடித்தாலன்றி அது அடங்காது.

நஞ்சுதான் செடியைத் தடுக்கிறதென்று நாமும் எண்ணியிருந்தோம். கலைப்பட்டம் பெற்ற நமக்கு, அலுவலகத்தில் மண்ணியல் கட்டுரையொன்றை மொழிபெயர்த்தபோதே உண்மை விளங்கிற்று. சயனைடு என்பதே கரியும் நைட்ரஜனும் கூடியதுதான். சில நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. வேறு சில அதனை நைட்ரேட்டாக்குகின்றன. ஆயினும் உலோகத்தோடு பிணைந்த சயனைடு எளிதில் சிதையாது.

பெருங்குறை வேறொன்று. பாறைத்தூளில் மக்கிய இலையில்லை. மக்கச் செய்யும் காளானும் பாக்டீரியாவும் அரிது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் செடி அதனை நேரே உண்ண இயலாது. கொழிஞ்சி, புங்கு போன்றவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்களே அதனைப் பிடித்துத் தருகின்றன. 1888இல் பெய்யெரிங்க் என்னும் டச்சு அறிஞர் அவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். அச்செடியின் இலை உதிர்ந்து அழுகினால்தான் அடுத்த புல்லுக்கு உணவு.

ஊருக்குப் போகையில் வரப்போரக் கொழிஞ்சியொன்றைப் பிடுங்கி, வேர்முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே செந்நிறமாயிருந்தால் அங்கே வேலை நடக்கிறது.