திருப்பணியும் மகளிரும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

சிவமயம்



சைவ சமயத்தில் மகளிர்க்குரிய இடம் யாது என்று ஆராய்வார் பலரும் நூல்களையே புரட்டுவர். ஏடுகளோ ஒருபால் பெண்மையைப் போற்றும், ஒருபால் பழிக்கும். ஏட்டினும் உறுதியுடைய சான்று ஒன்று உண்டு. அது திருக்கோயிற் கற்சுவர். அச்சுவர் கூறும் உண்மையைக் குடமுழுக்கு நன்னாளில் எண்ணிப் பார்த்தல் தகும்.

அறுபத்துமூவருள் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவர் பெண்டிர். ஏனைய அடியார் நின்ற கோலத்தில் இருக்க, காரைக்காலம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைத் திருக்கோயில்களில் காணலாம். அவர் கணவனால் நீங்கப்பெற்றவர். அவரை இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்தான் என்பது பெரியபுராணம்.

அப்புராணமே திலகவதியார் வரலாற்றையும் உரைக்கும். அவருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர் துறக்கத் துணிந்த அம்மையார் தம்பியின்பொருட்டு உயிர் தாங்கித் திருவதிகையில் திருவலகும் திருமெழுக்கும் செய்து வாழ்ந்தார். சூலை நோயொடு மீண்ட தம்பியார், தமக்கையார் திருக்கையால் திருநீறு பெற்ற பின்னரே கோயிலுட் புகுந்தார், திருநாவுக்கரசராயினார். கணவனில்லாத பெண்ணின் கை மங்கலமற்றது என்று அன்று எவரேனும் தடுத்திருப்பின், சைவ உலகம் அப்பரடிகளை இழந்திருக்குமன்றோ?

இனிக் கற்சுவர் கூறுவதைக் கேட்க. மழவர் குடியிற் பிறந்து, கண்டராதித்த சோழரின் தேவியாராய் விளங்கியவர் செம்பியன் மாதேவியார். அச்சோழர் திருவிசைப்பாப் பாடிய சிவபத்தர், ஏறத்தாழ கி.பி. 957-இல் மறைந்தார். மாதேவியார் ஈன்ற உத்தம சோழர் அப்போது இளஞ்சிறுவர் என்பர். 1001 வரையிலும் தேவியாரின் கொடைகள் காணப்பெறுகின்றன. ஆகவே அவர்தம் பெருந்தொண்டெல்லாம் கணவரை இழந்தபின் 40 ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்த தொண்டே ஆகும்.

செங்கல்லால் அமைந்த பழங்கோயில்கள் பலவற்றை அவர் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், கணவரின் திருப்பெயரால் கோயில் எடுப்பித்து, அவர் இலிங்கத்தை வழிபடும் கோலத்தையும் கல்லில் அமைத்தார். திருமுதுகுன்றமும் ஆடுதுறையும் அவர்தம் திருப்பணி பெற்ற தலங்கள். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் புதுக்கியபோது, முன்னோர் அளித்த அறங்கள் அழியாவண்ணம் பழங்கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச்சுவரில் பொறித்தனர். தம் பெயர் நிலைப்பதினும் பிறர் அறம் நிலைப்பதைப் பெரிதாகக் கொண்ட உள்ளம் அது!

அவரைச் சோழநாடு எவ்வாறு நடத்தியது? ஒதுக்கவில்லை, ஒளிக்கவில்லை. ஓர் ஊர்க்கே அவர் பெயர் இடப்பட்டது. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில் 1019-இல் முதலாம் இராசேந்திரர் காலத்தில் அவர் திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பெற்று, வழிபாட்டுக்கு நிவந்தமும் வகுக்கப்பெற்றது.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இந்நெறியே காணப்படும். கோயிற்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்ட ஆணையிட்ட இராசராசர், தாம் கொடுத்தவற்றை முதற்கண் குறித்து, அடுத்துத் தம் தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், பின்னர்த் தம் தேவியர் கொடுத்தவற்றையும், அதன்பின் பிறர் கொடுத்தவற்றையும் குறிக்கின்றார். அரசியர் மட்டுமோ கொடுத்தனர்? ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என விட்ட பெண்டிர் பலர் பெயரும் சோழநாட்டுச் சுவர்களில் உள.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தன்னதாக ஒன்று இல்லாதவர் கொடை செய்தல் இயலாது. மகளிர் தம் பெயராற் கொடுத்தனர் எனின், பொருள் அவர்தம் ஆளுகையில் இருந்தது என்பதே கருத்து. பிற்காலத்தே அவ்வுரிமை குறுகிற்று. கைம்பெண்டிர்க்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறைக்குட்பட்ட உரிமையையே வழங்கியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே பெண்கள் பெற்ற சொத்தை முழு உரிமையாக்கிற்று. பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனோடொத்த பங்கைத் தமிழ்நாடு 1989-இலும், பாரத நாடு முழுவதும் 2005-இலும் சட்டமாக்கின.

சட்டம் சொத்தைத் தரும். சபையில் இடத்தைத் தருவது அன்பர்களின் உள்ளமே. முளைப்பாலிகை எடுக்கவும் திருவிளக்கு ஏற்றவும் சுமங்கலிகளை மட்டும் அழைத்து, கணவரை இழந்த தாயைத் தூணோரம் நிற்கவைக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உளது. ஆண்டு முழுவதும் கோலமிட்டவர், பூத்தொடுத்தவர், சிறுவாடு சேர்த்துத் திருப்பணிக்கு அளித்தவர் அவராகவே இருத்தலும் கூடும். அவரை விலக்கும் நியாயம் உண்மையாயின், அதே நியாயத்தால் செம்பியன் மாதேவியார் எடுத்த கருவறைகளையும் விலக்கவேண்டுமன்றோ? எவரும் விலக்கிலர், அக்கருவறைகளின்முன் கைகூப்பியே நிற்கின்றனர்.

ஆதலின், திருப்பணிச் செல்வர்கள் இரண்டு காரியங்கள் செய்தல் வேண்டும். நன்கொடையாளர் கல்வெட்டில் ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் எழுதாது, கொடுத்த அம்மையாரின் சொந்தப் பெயரையும் பொறித்தல் ஒன்று. திருக்குடம் எழுந்தருளும்போது, மங்கலநாண் நோக்காது, திருநீறணிந்த தாய்மார் அனைவரையும் ஒருசேர முன்னிற்க அழைத்தல் மற்றொன்று. இவை புதுமை அல்ல. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டப்பெற்ற பழமை.

உமையை ஒரு பாகத்தே கொண்ட பெருமான் சந்நிதியில் ஒரு பெண்ணும் ஒதுங்கி நில்லாதிருப்பாளாக! அந்நாளே குடமுழுக்கு முற்றுப்பெறும் நாள்.

திருச்சிற்றம்பலம்