ஓசையின்றி மடியும் உயிரணுக்கள்

 

ஆண்டுதோறும் ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதை நாம் காண்கிறோம். மரம் மொட்டையாகிறது, பாலும் குறைகிறது. ஆயினும் மரம் பட்டுப்போயிற்று என்று எவரும் கலங்குவதில்லை. பழைய இலை உதிர்வது புதுத் தளிருக்கு இடங்கொடுப்பதற்கே என்பதனை நாம் அறிவோம். ஆனால், அதே மரத்தை வெள்ளை வேர் நோய் பற்றிக்கொண்டால் நிலைமை வேறு. அந்நோய் ஒரு மரத்தின் வேரிலிருந்து அடுத்த மரத்தின் வேருக்குத் தாவி, வரிசையாக மரங்களை அழித்துவிடும்.

நம் உடலிலும் இவ்விருவகை அழிவுகளும் உண்டு. உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் வேலை முடிந்தவை நாள்தோறும் அமைதியாக மடிகின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் கெர் என்னும் நோயியல் அறிஞர், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறிஞர் இருவருடன் சேர்ந்து, 1972ஆம் ஆண்டில் இதற்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டார். இலை உதிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது.

மற்றோர் அழிவு கொடியது. அதனைச் சிறுநீரகத்தில் கண்டு விளக்கியவர்களுள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் லிங்கர்மன்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. வடிகட்டியை அடுத்துள்ள மெல்லிய குழாய்கள், உடலுக்கு வேண்டியவற்றை எல்லாம் மீட்டுக்கொள்கின்றன. எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. இக்குழாய்களின் உயிரணுக்கள் ஓயாமல் உழைப்பவை. குருதியோட்டம் சிறிது நேரம் தடைப்பட்டாலும் அவை மடியத் தொடங்கும்.

அவ்வாறு மடிவது தடுக்கவியலாத ஒன்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரெண்ட் ஸ்டாக்வெல் குழுவினர், இரும்புச் சத்தின் துணையோடு நிகழும் ஒருவகை உயிரணு அழிவைக் கண்டு, அதற்கு 'ஃபெரோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிப்பதில்லையா? அதுபோல, உயிரணுவைச் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வு கெட்டுக் கிழிந்துவிடுகிறது. 2014ஆம் ஆண்டில் லிங்கர்மன் குழுவினர், சிறுநீரகக் குழாய்களும் இவ்வாறே அழிவதைக் காட்டினர். குழாயின் உயிரணுக்கள் தனித்தனியே மடியவில்லை; வேர் நோய் கண்ட மரங்களைப் போல ஒன்றையடுத்து ஒன்றாக, அலையலையாக மடிந்தன.

வேர் நோய் பரவாதிருக்க மரங்களுக்கிடையே பள்ளம் வெட்டி மறிப்பதுண்டு. அவ்வாறே, இவ்வழிவை மறிக்கும் இரசாயனப் பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது. விதியென்று விட்டுவிட்ட ஒன்றைத் தடுக்கவும் கூடும் என்பதே இவ்வாய்வு தரும் நம்பிக்கை. எனினும் இது எலிகளில் கண்ட பலன். இதனை மருத்துவமனையில் நமக்குத் தரும் மருந்தாக எண்ணிவிடலாகாது. ஆகவே, உள்ள உயிரணுக்களைக் காப்பதே நம் கடமை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. இனிப்புநீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மிடையே உளர். உண்மையில் கெடுப்பது மாத்திரையன்று. குருதியில் மிகுந்து நிற்கும் சர்க்கரையே. மலேசியாவில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவே மூல காரணம். மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டுமாயின், அதனை மருத்துவர் செய்வார், நாமே செய்தலாகாது.

உடல்வலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் அருந்த வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் வரும் காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆதலால், வடிகால்களில் வேலை செய்தபின் காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரை நாடி, செய்த வேலையையும் அவரிடம் கூறுங்கள்.

காலில் முள் குத்தினால் உடனே வலிக்கிறது. சிறுநீரக உயிரணுக்கள் மடியும்போதோ பெரும்பாலும் வலியே தோன்றுவதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கும் நிலைக்கு வரும்போது பெரும்பகுதி அழிந்திருக்கும். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசாங்க சுகாதார நிலையத்தில் சிறுநீரையும் குருதியையும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. சிறுநீரில் புரதம் உள்ளதா, குருதியில் கிரியேட்டினின் எவ்வளவு என்னும் இரு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வலி சொல்லாததை அச்சோதனை சொல்லும்.