தீயணைப்பு வண்டி எந்தக் கட்சி?

(‘போரில் அடிபடும் நாட்டுக்கு நடுநிலை நாடு உதவ முடியுமா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘முடியும்’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசின அம்மா, ‘நடுநிலைன்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், ஒருத்தனுக்கு உதவினா இன்னொருத்தன் உதைப்பான்’னு சொன்னாங்க. அம்மா, பக்கத்து வீட்டுல மாமியார் மருமகள் சண்டை. ‘நீங்க யார் கட்சி?’ன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே கதவைச் சாத்திடுவீங்க. அது புத்திசாலித்தனம். (சிரிப்பு) ஆனா அந்த வீட்டு அடுப்படி பத்திக்கிட்டா? குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களா, மாட்டீங்களா?

அப்படி ஓடின நாடு அயர்லாந்து. இரண்டாம் உலகப் போரில் அது நடுநிலை. 1941 ஏப்ரல் 15ஆம் தேதி ராத்திரி, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த பெல்பாஸ்ட் நகரத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. ஏறத்தாழ 900 பேர் செத்தாங்க. தண்ணீர்க் குழாய்கள் உடைஞ்சுபோச்சு. ஊரே எரியுது. விடியறதுக்கு முன்னால டப்ளினுக்கு உதவி கேட்டுச் செய்தி போகுது. அங்கே தலைவர் டி வெலேரா. அவர் யாரு? 1916 எழுச்சியிலே இதே பிரிட்டிஷ் ராணுவம் மரண தண்டனை விதிச்ச மனுஷன்! அப்புறம்தான் தண்டனையைக் குறைச்சாங்க. அவரைத் தூக்கத்திலேர்ந்து எழுப்பிக் கேக்கறாங்க. ‘அனுப்பு’ங்கறார்! (கைதட்டல்)

13 வண்டிகள் எல்லை தாண்டிப் போச்சு. வேற நாட்டு எல்லைக்குள்ள போறதால கட்டளை போட முடியாது. விருப்பம் உள்ளவங்க வரலாம்னாங்க. வந்தாங்களே! மே மாதம் மறுபடி குண்டு விழுந்தப்போ மறுபடியும் போனாங்க.

நடுவர் அவர்களே, இது கண்ணுக்குத் தெரிஞ்ச உதவி. சத்தமில்லாமலும் நடந்தது. அயர்லாந்தில் வந்து விழுந்த ஜெர்மன் விமானிகளை முகாமில் அடைச்சாங்க. நேச நாட்டு விமானிகளையும் முதல்ல அடைச்சாங்க. போகப்போக ஓசைப்படாம வடக்கே அனுப்பி வச்சாங்க. வானிலைத் தகவல் ரகசியமா பிரிட்டனுக்குப் போய்க்கிட்டே இருந்தது. 1944 ஜூனில், மேற்குக் கரையில் பிளாக்சாட் என்கிற சின்ன ஊரின் தபால் நிலையத்தில் வேலை பார்த்த 21 வயசுப் பெண், காற்றழுத்தம் சரியறதை அளந்து அனுப்பினாங்க. 5ஆம் தேதி நடக்க இருந்த நார்மண்டி படையெடுப்பை 6ஆம் தேதிக்குத் தள்ளி வைக்க அந்தத் தகவலும் ஒரு காரணம்.

‘உதைப்பான்’னு சொன்னீங்களே, ஒத்துக்கறேன். 1941 மே 31 அன்று டப்ளினிலேயே ஜெர்மன் குண்டு விழுந்தது. 28 பேர் போயிட்டாங்க. தவறி விழுந்ததா, தண்டனையாங்கற வாதம் இன்னும் ஓயலை. 1945இல் ஹிட்லர் செத்ததுக்கு டி வெலேரா ஜெர்மன் தூதரிடம் துக்கம் விசாரிக்கப் போனாரே, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். நடுநிலையைக் காட்டறதுக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

ஆனா அயர்லாந்து பிரிட்டனுக்கு ஒரு படைப்பிரிவு அனுப்பலை, போரிலும் இறங்கலை. போர் முடியற வரைக்கும் நடுநிலைதான். அந்த 13 வண்டியும் நடுநிலையைக் கெடுத்துச்சா, இல்லையா? எதிரணியில அடுத்துப் பேச வர்றவர் இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடிக்கிறீங்க, உட்கார்ந்துக்கறேன். (கைதட்டல்)