கௌரவ அட்டையும் கணக்கு நோட்டும்

(ஆரப்பாளையத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியராச்சே, ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க" என்றார் நம் செயலாளர். நான் பேசப் போவது சார்ஜ் கார்டு பற்றி. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன ஜூனியர் தம்பிகளுக்கு, "சார், உங்களுக்கு பிரீமியம் கார்டு தர்றோம்" என்று அடிக்கடி போன் வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு கார்டு வைத்திருப்பவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில், இது என்ன சாமான்? நம் தெரு மளிகைக் கடையில் அம்மா வைத்திருந்த கணக்கு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? மாதம் முழுக்கச் சாமான் வாங்குவோம். ஒன்றாம் தேதி முழுப் பணத்தையும் தீர்ப்போம். சார்ஜ் கார்டும் அதேதான். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு மீதியை வட்டிக்கு ஓட்டலாம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42 சதவீதம்! சார்ஜ் கார்டில் அந்தப் பேச்சே இல்லை. பில் வந்தால் முழுசாகக் கட்ட வேண்டும். தவறினால் அபராதம்.

1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் இதைத் தொடங்கியது. சாப்பாட்டுக் கடைகளில் கையெழுத்துப் போட்டுச் சாப்பிட ஓர் அட்டை. 1850-ல் பார்சல் கம்பெனியாகப் பிறந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், 1958-ல் தன் கார்டைக் கொண்டுவந்தது. 1984-ல் பிளாட்டினம் வந்தது. மளிகைக் கடை நோட்டில் பெயர் எழுத அண்ணாச்சி காசு கேட்டதில்லை. இவர்கள் கேட்பார்கள். வித்தியாசம் அங்கேதான்.

லாபத்தை மறைக்க மாட்டேன். விமான நிலைய லவுஞ்சில் உட்கார இடம், சாப்பாடு. பெரிய ஓட்டல்களில் நல்ல அறை. பயணக் காப்பீடு. செலவுக்குப் புள்ளிகள். முன்கூட்டியே எழுதிவைத்த வரம்பு கிடையாது. (வரம்பே இல்லை என்று அர்த்தமில்லை, நம் வரவு செலவைப் பார்த்து அவர்களே தீர்மானிப்பார்கள்.) எல்லாவற்றையும்விட, முழுசாகக் கட்டும் பழக்கம் வரும்.

இனி செலவு. ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. ஆக 70,800. மாதம் 5,900 ரூபாய்! இதை மீட்டுவிடலாம் என்று விற்பவர் கணக்குப் போட்டுக் காட்டுவார். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. லவுஞ்ச் சாப்பாட்டுக்கு அவர் 1,500 ரூபாய் எழுதுவார். கார்டு இல்லாவிட்டால் நான் 300 ரூபாய்க்குத் தோசையும் காபியும் சாப்பிட்டிருப்பேன். எனக்கு மிச்சம் 300தான். மாதம் ஒரு பயணம், போக வர 24 முறை என்றாலும் 7,200 ரூபாய்தான் ஆச்சு.

அடுத்து, கார்டு செல்லும் இடம். கடைக்காரரிடம் இந்த ரகக் கார்டுக்குப் பிடிக்கும் சதவீதம் பொதுவாக அதிகம். அதனால் பலர் வாங்குவதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்கு நிற்கும்போது டீ குடித்தால், காசு போவது 2016-ல் வந்த யுபிஐ-யில். 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைக்க ரிசர்வ் வங்கி வழி திறந்தது. அமெக்ஸுக்கும் டைனர்ஸுக்கும் அந்த வழி இல்லை.

மூன்றாவது செலவை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அலுவலகப் பயணம் அதிகம். விமானம், ஓட்டல் எல்லாம் என் கார்டில். அலுவலகம் பணம் திருப்பித் தர 45 நாளாகும். பில்லோ மூன்று வாரத்தில் கேட்கும். போன வருஷம் ஒரு மாதம் 1,60,000 ரூபாயை வீட்டுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். கார்டை நீட்டினேன். "இந்தக் கார்டு நம்ம மெஷின்ல எடுக்காது சார்." மச்சான்தான் போனிலிருந்து அனுப்பினார். அப்பா இப்போது நலம். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழுசாகக் கட்டு என்பது கார்டின் விதி. அதற்கு வீட்டில் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

தம்பிகளே, போன் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கார்டு இல்லாவிட்டாலும் இந்தச் செலவைச் செய்வேனா? நான் நடமாடும் இடங்களில் இது செல்லுமா? இரண்டு மாதப் பில்லைத் தாங்கும் பணம், வீட்டு அவசரத்துக்கு வைத்தது போக, தனியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், கட்டணமில்லாத சாதா கார்டே போதும். அதையும் மாதாமாதம் முழுசாகக் கட்டினால் அதுவும் கணக்கு நோட்டுதான்.

என் அலுவலகம் இந்த வருஷம் முன்பணம் தர ஒப்புக்கொண்டது, பயணமும் தொடர்கிறது. அதனால் கார்டை வைத்திருக்கிறேன். பயணம் நின்றால் கார்டும் நிற்கும். கௌரவம் பார்க்கப் போவதில்லை.